காரைக்காலில் டீசல் மலிவு... அதற்காக பழைய டீசல் கார் வாங்கலாமா?

வாஞ்சூர் எல்லையில் காலை ஏழரை மணிக்கு நின்று பாருங்கள். நாகூர் பக்கமிருந்து வரும் டி.என்.51 வண்டிகள் வரிசையாக காரைக்கால் பங்க்குகளுக்குள் திரும்பும். வடக்கே பூவம் எல்லையில் டி.என்.82 வண்டிகள். பொறையாறில் இருந்து டேங்க் நிரப்புவதற்காகவே வருகிறவர்களும் உண்டு. புதுச்சேரியின் வாட் வரி குறைவு என்பதால் இங்கே டீசல் லிட்டருக்கு சுமார் 6 ரூபாய் மலிவு. 2025 ஜனவரியில் புதுச்சேரி அரசு வாட் வரியை உயர்த்திய பிறகு அந்த இடைவெளி சுருங்கியது. ஆனாலும் அடுத்த மாவட்டத்துக்காரர் ஸ்டீயரிங்கைத் திருப்பும் அளவுக்கு வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது.

இதைப் பார்த்துப் பழகிய காரைக்கால்காரர்களிடம் ஒரு கணக்கு ஊறிப்போயிருக்கிறது. "தினமும் கும்பகோணம் போய்ட்டு வர்றேன். டீசல் நம்ம ஊர்ல மலிவு. செகண்ட் ஹேண்ட்ல ஒரு டீசல் வண்டி எடுத்துட்டா என்ன?" நிரவியில் இருந்து கும்பகோணத்துக்கு வேலைக்குப் போகும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டதும் இதே கேள்விதான். அவர் எடுக்க நினைத்த முடிவு சரியாக இருக்கலாம். ஆனால் அதற்கு அவர் சொன்ன காரணம் தப்பு. காரணம் தப்பாக இருந்தால் வண்டியும் தப்பாக அமைய வாய்ப்பு அதிகம் என்பதால், கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

மலிவு டீசலுக்கு மட்டுமா?

2025 விலையை ரவுண்டாக எடுத்துக்கொள்வோம். காரைக்காலில் டீசல் 86 ரூபாய், பெட்ரோல் 96 ரூபாய். எல்லை தாண்டினால் டீசல் 92, பெட்ரோல் 101. எர்டிகா மாதிரி ஏழு பேர் உட்காரும் வண்டி, வெளியூர் ரோட்டில் டீசல் என்றால் லிட்டருக்கு 20 கி.மீ., பெட்ரோல் என்றால் 15 கி.மீ. ஓடும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டி, உங்கள் கால் அழுத்தத்தைப் பொறுத்து இது மாறும்.

காரைக்காலில் டீசல் போட்டால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 30 காசு. பெட்ரோல் போட்டால் 6 ரூபாய் 40 காசு. டீசல் வண்டியால் மிச்சம் 2 ரூபாய் 10 காசு. இப்போது நாகப்பட்டினத்தில் போட்டுப் பாருங்கள். டீசல் 4 ரூபாய் 60, பெட்ரோல் 6 ரூபாய் 73. மிச்சம் 2 ரூபாய் 13 காசு.

அதாவது, டீசல் வண்டி எடுப்பதால் வரும் லாபம் எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றேதான். காரைக்காலில் டீசல் மட்டும் மலிவு இல்லை, பெட்ரோலும் மலிவு. கிலோமீட்டருக்கு டீசலில் 30 காசு குறைகிறது என்றால் பெட்ரோலில் 33 காசு குறைகிறது. "நம்ம ஊர்ல டீசல் மலிவு" என்பது காரைக்காலில் வண்டி வைத்திருக்க ஒரு நல்ல காரணம். பெட்ரோலை விட்டு டீசலுக்குப் போக அது காரணமே இல்லை.

அப்படியானால் எது காரணம்? நீங்கள் ஓடும் தூரம். அது ஒன்றுதான்.

காரைக்காலில் இருந்து நாகப்பட்டினம் போய்வர சுமார் 40 கி.மீ. மயிலாடுதுறை என்றால் 80-ஐ ஒட்டி வரும். கும்பகோணம் 110. மாதம் 24 நாள் வேலை என்று வைத்தால், நாகைக்காரர் வருஷத்துக்கு 11,500 கி.மீ. ஓடுவார், மயிலாடுதுறைக்காரர் 23,000, கும்பகோணத்துக்காரர் கிட்டத்தட்ட 31,700. எரிபொருளில் மட்டும் மிச்சம் முறையே 24 ஆயிரம், 48 ஆயிரம், 66 ஆயிரம் ரூபாய்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே வயது, அதே நிலையில் உள்ள பெட்ரோல் வண்டியை விட டீசல் வண்டிக்கு ஒன்றேகால் லட்சம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். பழைய டீசல் இன்ஜினுக்கு ஆயில், ஃபில்டர், இன்ஜெக்டர், கிளட்ச், டர்போ என்று வருஷத்துக்கு 15 ஆயிரமாவது கூடுதலாக ஒதுக்க வேண்டும். அதையும் கழித்தால், கும்பகோணத்துக்காரர் போட்ட பணத்தை இரண்டரை வருஷத்துக்குள் எடுத்துவிடுவார். மயிலாடுதுறைக்காரருக்கு மூன்றே முக்கால் வருஷம். நாகைக்காரருக்குப் பதின்மூன்று வருஷம் தாண்டும். அதற்குள் வண்டியே இருக்காது.

என் கருத்து வெளிப்படையானது: நாகை, திருநள்ளாறு, தரங்கம்பாடி தூரத்துக்குப் பழைய டீசல் கார் வேண்டவே வேண்டாம். மயிலாடுதுறை, திருவாரூர் தூரம் என்றால் யோசிக்கலாம். கும்பகோணம், சிதம்பரம், அதற்கும் அப்பால் என்றால் டீசல்தான். அதுவும் ஐந்து வருஷத்துக்காவது அந்த வேலையில், அந்த ஊரில் இருப்பீர்கள் என்ற நிச்சயம் இருந்தால். மாற்றலாகும் உத்தியோகம் என்றால் இந்தக் கணக்கு நடுவழியில் நின்றுவிடும்.

எந்த வண்டி?

வெளிநாட்டில் நெடுந்தூர டீசல் ஓட்டத்துக்கு என்று பெயர் வாங்கியது ஸ்டேஷன் வேகன், அதாவது பின்பக்கம் நீண்ட 'எஸ்டேட்' கார். நம் நாட்டில் அது எடுபடவே இல்லை. டாடா எஸ்டேட் 1992-ல் வந்தது, இண்டிகோ மெரினா 2004-ல் வந்தது. இரண்டும் போய்விட்டன. இப்போது எங்காவது ஒரு மெரினா மலிவாகக் கிடைத்தால், ஆசைக்கு வாங்கலாம், தினசரி 110 கி.மீ. ஓட்ட வாங்கக் கூடாது. அந்த இடத்தை இங்கே எடுத்துக்கொண்டவை இன்னோவாவும் எர்டிகாவும்.

இன்னோவா நல்ல வண்டி என்பதில் இரண்டு கருத்து இல்லை. 2005-ல் இருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, பார்க்கத் தெரியாத மெக்கானிக் இல்லை. ஆனால் அந்தப் பெயருக்கே தனி விலை உண்டு. ஒரே ஆள் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வர அவ்வளவு பெரிய, அவ்வளவு டீசல் குடிக்கும் வண்டி எதற்கு என்பது என் சந்தேகம். நடுத்தரக் குடும்பத்துக்கு எர்டிகா டீசல்தான் பொருத்தம். 2012-ல் இருந்து 1.3 லிட்டர் இன்ஜின், கடைசி ஒரு வருஷத்துக்கும் குறைவான காலத்துக்கு 1.5 லிட்டர். அந்த 1.3 ஃபியட் இன்ஜின் ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா என்று ஊரில் பாதி வண்டிகளில் இருந்ததால் உதிரிபாகத்துக்கு சென்னைக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை.

ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. ஆகவே எந்த எர்டிகா டீசலும் ஐந்து வயதைத் தாண்டியதுதான். அதைவிடப் புதுசாக வேண்டும் என்றால் வேறு கம்பெனிகளின் பி.எஸ்.6 டீசலுக்குப் போக வேண்டும். அவற்றில் டி.பி.எஃப். என்று ஒரு புகை வடிகட்டி உண்டு. கரித்துகள் அதில் சேரும். வண்டி நல்ல சூட்டில், ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அது தானே எரிந்து சுத்தமாகும். பாரதியார் வீதியில் இருந்து பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து சனிக்கிழமை திருநள்ளாறு நெரிசல் என்றே ஓடிய வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். மாற்றப் போனால் செலவு ஆயிரத்தில் நிற்காது. கும்பகோணம் ஓட்டத்துக்கு இந்தப் பிரச்சினை வராது. ஆனால் வாங்கும் வண்டியை முந்தைய ஓனர் எப்படி ஓட்டினார் என்பது முக்கியம். டாக்டர் வண்டி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் ஓடியது என்று புரோக்கர் பெருமையாகச் சொன்னால், பி.எஸ்.6 டீசலைப் பொறுத்தவரை அது புகார், பெருமை இல்லை.

நம்பர் பிளேட் விவகாரம்

காரைக்காலில் கார் வாங்குவதில் மற்ற ஊர்க்காரருக்கு இல்லாத சிக்கல் இதுதான். நாம் இருக்கும் சின்னப் பகுதியைச் சுற்றி முழுக்க தமிழ்நாடு. சந்தையில் வரும் வண்டிகளில் பெரும்பாலானவை டி.என். வண்டிகள். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ நல்ல வண்டி கிடைத்தால் வாங்கி ஓட்டிவந்துவிடலாம், ஆனால் காகிதத்தில் அது வேறு மாநிலத்துக்கு இடம்பெயர்கிறது.

டி.என். வண்டியை காரைக்கால்வாசி வாங்கினால், பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28-ல் என்.ஓ.சி. வாங்க வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட வேண்டும். கடன் இருந்தால் படிவம் 35-ம் வங்கிக் கடிதமும். பிறகு இங்கே வரி கட்டி பி.ஒய்.02 எண் வாங்க வேண்டும். வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. இதை எல்லாம் "அப்புறம் பாத்துக்கலாம்ணே" என்று தள்ளிப்போடுவதுதான் நம் பழக்கம். என்.ஓ.சி. கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

எதிர்த் திசையில் இன்னொரு ஆசை இருக்கிறது. ஜிப்மர், என்.ஐ.டி., ஓ.என்.ஜி.சி., துறைமுகம் என்று காரைக்காலுக்கு வேலைக்கு வரும் தமிழ்நாட்டுக்காரர்கள் பலர். புதுச்சேரியில் சாலை வரி குறைவு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வரி உயர்ந்து, புதுக் காருக்கு ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், பத்து முதல் இருபது லட்சம் வரை 18 சதவீதம் என்று ஆகிவிட்டது. "நம்ம ஃப்ரெண்ட் அட்ரஸ்ல பி.ஒய். ரிஜிஸ்டர் பண்ணிடலாம் சார்" என்று யாராவது சொல்வார். 2017-ல் கேரளத்துப் பிரபலங்கள் சிலர் இப்படி புதுச்சேரி முகவரியில் சொகுசு கார்களைப் பதிவு செய்தார்கள் என்று வழக்கு, விசாரணை என்று இழுபட்டது ஞாபகம் இருக்கலாம். அவர்களுக்கு வக்கீல் வைக்கப் பணம் இருந்தது. மாதச் சம்பளக்காரருக்கு அந்த விளையாட்டு வேண்டாம். நீங்கள் குடியிருப்பது எங்கேயோ, வண்டியின் பதிவும் அங்கேதான் இருக்க வேண்டும்.

பெயர் மாற்றத்தை விற்பவரும் அலட்சியமாக விடக் கூடாது. விற்ற பிறகும் ஆர்.சி.யில் பழைய பெயரே இருந்து விபத்து நடந்தால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்கினவர் கையெழுத்து போட்ட வெள்ளைத் தாள் உங்களைக் காப்பாற்றாது. வாங்குபவர் பக்கத்தில், இன்சூரன்ஸை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனருடையது, வண்டியோடு வராது. புரோக்கர் அதையும் சேர்த்து விலை சொல்வார், ஏமாறாதீர்கள்.

டெல்லி வண்டி, வெள்ள வண்டி

சந்தையில் திடீரென்று மலிவாக ஒரு இன்னோவாவோ ஸ்கார்பியோவோ வந்தால் முதலில் கேட்க வேண்டியது: "டெல்லி வண்டியா?" பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிகள் தலைநகர் பகுதியில் ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அங்கே ஓட்ட முடியாத வண்டிகள் தெற்கே வரத் தொடங்கின. 2025 ஆகஸ்ட்டில் அந்த உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு கதை. டெல்லி வண்டி எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் என்.ஓ.சி., இங்கே மறுபடி கட்டும் வரி, மாதக்கணக்கில் அலைச்சல் எல்லாம் சேர்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். மேலும் 15 வயது முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்க 2022-ல் இருந்து காருக்கு 5,000 ரூபாய் கட்டணம், கூடவே தகுதிச் சோதனை. பத்து வயது வண்டியை வாங்கி ஐந்து வருஷம் ஓட்டத் திட்டமிட்டால் அந்தச் செலவையும் நீங்கள்தான் சந்திப்பீர்கள்.

இதைவிட நான் பயப்படுவது வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு. 2015 டிசம்பர் சென்னை, 2018 கஜா, 2023 மிக்ஜாம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நகரில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அவற்றில் பல துடைத்து, பாலிஷ் போட்டு, வாசனை அடித்து மறுபடி விற்பனைக்கு வரும். இன்ஜின் ஓடும். ஆறு மாதம் கழித்து வயரிங் ஒவ்வொன்றாகக் கைவிடும்.

கண்டுபிடிக்க பெரிய கருவி வேண்டாம். சீட் பெல்ட்டை முழுசாகக் கடைசிவரை இழுங்கள். நுனியில் மண்கறை, பூஞ்சைக் கோடு இருக்கிறதா பாருங்கள். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி இருக்கும் இரும்பில் துரு, தரைக் கார்ப்பெட்டுக்குக் கீழே ஈரம், ஹெட்லைட்டுக்குள் நீர்த்திவலை, ஃபியூஸ் பாக்ஸில் பச்சை பூத்த பித்தளை. கடலோரம் என்பதால் நம் ஊர் வண்டிகளில் அடிப்பகுதித் துரு சகஜம்தான். ஆனால் அது கீழே இருக்கும், சீட்டுக்கு அடியில் உள்ளே இருக்காது. அந்த வித்தியாசம் போதும். பழைய பாலிசி எண்ணை வாங்கி இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் வரலாற்றையும் கேளுங்கள். கடன், அபராதம், தகுதிச் சான்று எல்லாம் 'வாகன்' இணையத்தில் எண்ணைப் போட்டாலே தெரியும்.

இன்ஜினைப் பார்க்கப் போகும்போது காலை ஆறரைக்குப் போங்கள். "பத்து மணிக்கு வாங்க சார், வண்டி ரெடியா இருக்கும்" என்று சொன்னால், சூடாக்கி வைத்திருப்பார் என்று அர்த்தம். டீசல் இன்ஜினின் உண்மை குளிரில் எழும்போதுதான் தெரியும். முதல் சுற்றிலேயே பிடிக்கிறதா, வெள்ளைப் புகை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் 'பேக் கம்ப்ரஷன்' ஊதுகிறதா என்று மெக்கானிக் பார்ப்பார். மெக்கானிக் உங்களுடையவராக இருக்கட்டும், புரோக்கர் கூட்டிவருகிறவர் வேண்டாம். மீட்டர் 60,000 கி.மீ. காட்டி, கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் இரண்டில் ஒன்று பொய். சர்வீஸ் பில்களில் எழுதிய கிலோமீட்டரை வரிசையாகக் கேளுங்கள். இல்லை என்றால் விலையைக் குறையுங்கள், அல்லது எழுந்து வாருங்கள்.

நாலு பேர் சேர்ந்து போனால்?

நண்பர் கடைசியாகக் கேட்ட கேள்வி இது. அவரோடு வேலை பார்க்கும் மூன்று பேர் நெடுங்காடு, அம்பகரத்தூர் பக்கத்தில் இருக்கிறார்கள். எர்டிகா எடுத்தால் நாலு பேரும் போகலாமே? கும்பகோணம் ஓட்டத்துக்கு மாத டீசல் சுமார் 11,350 ரூபாய். நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 2,840. பெட்ரோல் வண்டியாக இருந்தால்கூட ஆளுக்கு 4,225-தான். பகிர்ந்துகொள்ள ஆட்கள் இருந்தால் டீசலா பெட்ரோலா என்ற கேள்வியே பாதி சுருங்கிவிடுகிறது. இன்னொரு கோணமும் உண்டு. 2025-ல் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலந்ததால் பழைய பெட்ரோல் வண்டிகளின் மைலேஜ் கொஞ்சம் குறையும் என்று அரசே ஒப்புக்கொண்டது. அது டீசல் பக்கம் ஒரு சின்ன எடை.

ஆனால் ஒன்று. சேர்ந்து எரிபொருள் செலவைப் பகிர்வது வேறு, ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கி லாபம் பார்ப்பது வேறு. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்ட பெர்மிட் கிடையாது. பேரளத்துக்கு முன்னால் ஏதாவது ஒரு வளைவில், ரோட்டில் காயப் போட்ட நெல்லின் மேல் சறுக்கி விபத்து ஆனால், வாடகைக்கு ஓட்டினீர்கள் என்று காப்பீட்டு நிறுவனம் கை விரிக்கலாம். யார் எந்த வாரம் டீசல் போடுவது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது நல்லது. நண்பர் அப்படித்தான் முடிவு செய்திருக்கிறார். வண்டி இன்னும் அமையவில்லை. இதுவரை மூன்று எர்டிகா பார்த்துவிட்டார். மூன்றில் ஒன்றின் சீட் பெல்ட்டை இழுத்தபோது கடைசி ஒரு சாண் அளவுக்கு சேறு காய்ந்திருந்ததாம்.